வெளிநாட்டில் கற்ற உளவியல் ஊருக்குப் பொருந்துமா?

லண்டனிலோ மெல்போர்னிலோ நியூயார்க்கிலோ கல்வியியலும் உளவியலும் படித்துப் பட்டம் பெற்ற ஒருவர், சென்னையில் ஒரு பள்ளியிலோ யாழ்ப்பாணத்தில் ஒரு மனநல நிலையத்திலோ வேலைக்கு அமர்கிறார். அவர் கற்றதில் எவ்வளவு அங்கே செல்லும்? பொறியியல் படித்துத் திரும்புகிறவரிடம் இந்தக் கேள்வியை யாரும் இவ்வளவு அழுத்தமாகக் கேட்பதில்லை. கல்வியியலுக்கும் உளவியலுக்கும் ஆய்வுப் பொருள் மனிதரே. குழந்தை எப்படிக் கற்கிறது, துயரம் எப்படி வெளிப்படுகிறது, நல்ல வளர்ப்பு எது என்பவற்றுக்குப் பாடநூல் தரும் விடைகள் ஏதோ ஓர் ஊரின் மனிதர்களைப் பார்த்து எழுதப்பட்டவை. அந்த ஊர் மாணவரின் ஊராக இருப்பது அரிது.

இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ 140 ஆண்டு வரலாறு உண்டு. இதற்குள் பல விடைகள் வந்திருக்கின்றன. எதுவும் முற்றாகக் கைவிடப்படவில்லை, எதுவும் முற்றாக வென்றுவிடவும் இல்லை. அவற்றின் பிறப்பிடத்தையும் அவை இடறும் இடங்களையும் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் கணிப்பை முன்பே சொல்லிவிடுகிறேன்: கற்றது எல்லாம் ஒரே தூரம் பயணம் செய்வதில்லை. எது செல்லும், எது செல்லாது என்று பிரித்தறியும் வேலையை இத்துறைகள் இன்றுவரை பெரும்பாலும் மாணவரின் தலையிலேயே விட்டுவைத்திருக்கின்றன.

லைப்சிக்கின் மாணவர்கள்

வில்ஹெல்ம் வுண்ட் 1879-இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வகம் அமைத்தார். சில ஆண்டுகளிலேயே அது வெளிநாட்டு மாணவர்கள் தேடிவரும் இடமாயிற்று. அமெரிக்கரான ஜேம்ஸ் மெக்கீன் கேட்டல் அங்கே முனைவர் பட்டம் பெற்றார். அங்கே பயின்ற ஸ்டான்லி ஹால் ஊர் திரும்பி, 1883-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வகம் தொடங்கினார். அவரிடம் படித்த யூஜிரோ மோட்டோரா 1888-இல் முனைவர் பட்டத்துடன் ஜப்பான் சென்று டோக்கியோவில் உளவியலுக்கு அடித்தளம் போட்டார். 1908 முதல் 1911 வரை லைப்சிக்கில் இருந்து வுண்டின் விரிவுரைகளைக் கேட்ட காய் யுவான்பெய் பின்னர் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். சீனாவின் முதல் உளவியல் ஆய்வகம் அவர் காலத்தில், 1917-இல், அங்கே அமைந்தது.

இந்தியாவுக்கு வந்த வழியும் இதன் கிளைதான். வுண்டின் மாணவர் ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க் ஹார்வர்டுக்குப் போனார். அவரிடம் படித்த நரேந்திரநாத் சென்குப்தா 1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பரிசோதனை உளவியல் துறையைத் தொடங்கி வைத்தார். லைப்சிக்கில் பட்டம் பெற்ற சார்லஸ் ஸ்பியர்மன் லண்டனில் பேராசிரியரானார். அவரிடம் பயின்ற எம். வி. கோபாலஸ்வாமி 1924-இல் மைசூரில் துறை அமைத்தார். இந்தியாவின் தொடக்ககால உளவியல் துறைகள் இரண்டும் வுண்டிடமிருந்து இரண்டே தலைமுறைத் தொலைவில் நின்றன.

இவர்களுடைய விடை தெளிவானது. மனத்தின் அடிப்படை இயக்கங்கள் எங்கும் ஒன்றே. ஒளியைக் கண்டு விரல் அழுத்துவதற்கு ஆகும் நேரத்தை லைப்சிக்கிலும் அளக்கலாம், மைசூரிலும் அளக்கலாம். புலனறிவு, கவனம், நினைவு சார்ந்த பல ஆய்வுகளில் இந்த நம்பிக்கை இன்றும் பெருமளவு தாக்குப்பிடிக்கிறது.

ஆனால் பயணத்தில் என்ன நடந்தது என்று கூர்ந்து பார்த்தால் சித்திரம் சிக்கலாகிறது. கேட்டல் வுண்டின் கருவிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, வுண்ட் ஒதுக்கிவைத்த ஒன்றை, அதாவது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை, ஆராய்ந்தார். அமெரிக்காவில் பின்னர் பெருகிய அளவீட்டு உளவியலுக்கு அது ஒரு தொடக்கம். மறுபுறம், மொழி, தொன்மம், வழக்காறு ஆகியவற்றை ஆய்வகத்தில் அளக்க முடியாது என்று வுண்டே கருதி, அவற்றுக்கென்று பத்துத் தொகுதிகள் எழுதினார். அந்தப் பாதி கடல் கடந்து அதிகம் போகவில்லை. இன்று உலகத்துக்கே பாடநூல் எழுதும் அமெரிக்க உளவியல், ஒரு காலத்தில் வெளிநாடு சென்று திரும்பிய மாணவர்கள் தங்கள் தேவைக்கேற்ப வெட்டி ஒட்டிய சரக்கு என்பதை, இரவல் அறிவு என்று கூச்சப்படுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் சோதனைத் தாள்களில் வெளிப்பட்டது. வி. வி. காமத், பிரெஞ்சு உளவியலாளர் பினேயின் நுண்ணறிவுச் சோதனையை 1930-களில் கன்னடத்துக்கும் மராத்திக்கும் ஏற்பத் தகவமைத்தார். அது பொறுமையான, மதிக்கத்தக்க உழைப்பு. அதன் வழிவந்த சோதனை இந்திய மருத்துவமனைகளில் அறிவுத்திறன் குறைபாட்டை மதிப்பிட இன்னமும் பயன்படுகிறது. கேள்விகளை மொழிபெயர்ப்பது முதல் படிதான். எந்த வயதுக் குழந்தை எத்தனை கேள்விக்கு விடை சொல்லும் என்ற அளவை அந்தந்த மொழியில், அந்தந்தத் தலைமுறையில் புதிதாக எடுத்தாக வேண்டும். 1930-களின் குழந்தைகளை வைத்து எடுத்த அளவை இன்றைய குழந்தைக்குப் பொருத்தும்போது, சான்றிதழில் வரும் எண்ணுக்கு என்ன பொருள் என்பது எளிதில் தீரும் கேள்வி அன்று.

கொலம்பியாவிலிருந்து நான்ஜிங்குக்கு

கல்வியியலின் கதை சற்று வேறு. அறிவு மேற்கிலிருந்து கிழக்குக்கு மட்டுமே பாய்ந்தது என்ற எண்ணத்தை இங்கே ஒரு சென்னைக் கதை தடுத்து நிறுத்துகிறது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1789-இல் எழும்பூரிலிருந்த ஆண் அநாதைகள் விடுதியின் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைத் தன் விடுதியில் வளர்த்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தெங்கும் அது ‘மெட்ராஸ் முறை’ என்று பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டுதான் 1876-இல் எடின்பரோவிலும் செயின்ட் ஆண்ட்ரூஸிலும் கல்வியியலுக்குப் பேராசிரியர் இருக்கைகள் நிறுவப்பட்டன. பிரிட்டனில் அவையே முன்னோடிகள். எடின்பரோவில் கல்வியியல் படிக்கப் போகும் தமிழ் மாணவர் எழும்பூருக்குக் கடன்பட்ட ஒரு துறைக்குள் நுழைகிறார்.

20-ஆம் நூற்றாண்டில் மையம் நியூயார்க்குக்கு நகர்ந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரி 1923-இல் வெளிநாட்டு மாணவர்களுக்காகவே ஒரு பன்னாட்டு நிறுவனம் தொடங்கியது. அதற்கு முன்பே சீன மாணவர்கள் அங்கே கணிசமாக இருந்தார்கள். அவர்களில் ஒருவர் தாவோ ஷிங்ஜி. அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயியின் சிந்தனையில் ஊறி 1917-இல் நாடு திரும்பிய அவர், பள்ளியை வாழ்க்கையைப் போல ஆக்க வேண்டும் என்ற டூயியின் கருத்து சீனக் கிராமத்தில் செல்லாது என்று கண்டார். அங்கே பெரும்பாலோருக்குப் பள்ளியே இல்லை. கருத்தைத் தலைகீழாகத் திருப்பினார்: வாழ்க்கையையே கல்வி ஆக்க வேண்டும். 1927-இல் நான்ஜிங் அருகே ஷியாவ்ஜுவாங்கில் அவர் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வருங்கால ஆசிரியர்கள் வயலிலும் வேலை செய்தார்கள். அதே கல்லூரியில் படித்துத் திரும்பிய சென் ஹெச்சின், 1920-இல் பிறந்த தன் மகனை 808 நாள் தொடர்ந்து கவனித்துக் குறிப்பெடுத்து, சீனக் குழந்தையைப் பற்றிச் சீன மொழியிலேயே உளவியல் எழுதினார். முறை மேற்கிலிருந்து வந்தது, தரவு வீட்டிலிருந்து வந்தது.

கற்றதைத் தகவமைப்பது என்ற இந்த விடைதான் பலருக்கும் பிடித்த விடை. எனக்கும் அதில் ஈர்ப்பு உண்டு. ஆனாலும் இரண்டு இடங்களில் அது வலுவிழக்கிறது. முதலாவது, எது மாற்றக் கூடாத சாரம், எது மாற்றத்தக்க ஓரம் என்று தீர்மானிக்க அதனிடம் பொது விதி எதுவும் இல்லை. தாவோ தன் கூர்மையால் கண்டதை எல்லா மாணவரும் காண்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டாவது, தகவமைப்புக்கு இடம் கொடுக்கும் அரசும் நிறுவனமும் வேண்டும். ஷியாவ்ஜுவாங் பள்ளியை 1930-இல் அரசு மூடிவிட்டது.

சிறைப்பட்ட மனம்

மலேசியச் சமூகவியலாளர் சையத் ஹுசைன் அலட்டாஸ் 1970-களின் தொடக்கத்தில் இன்னும் கடுமையான விடை ஒன்றை முன்வைத்தார். வளரும் நாடுகளின் அறிஞர்கள் மேற்கில் கற்ற சிந்தனையைச் சோதிக்காமல் திருப்பிச் சொல்கிறார்கள். பிரச்சினையை வகுப்பதிலிருந்து விளக்குவதுவரை சொந்தமாக எதுவும் எழுப்புவதில்லை என்றார். இந்நிலையைச் சிறைப்பட்ட மனம் என்று அழைத்தார். அவரே ஆம்ஸ்டர்டாமில் முனைவர் பட்டம் பெற்றவர்.

இந்த வரிசையில் வருகிற பலரும் அப்படித்தான். வர்ஜிலியோ என்ரிகெஸ் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 1971-இல் முனைவர் பட்டம் பெற்று மணிலா திரும்பி, பிலிப்பினோ மொழியில் கற்பித்து, பிலிப்பினோ உளவியல் என்ற இயக்கத்தையே உருவாக்கினார். இல்லினாயில் பட்டம் பெற்ற யாங் குவோ-ஷு தைவானில் அதே திசையில் நடந்தார். அலகாபாத்தில் துர்கானந்த் சின்ஹா, இந்திய உளவியல் தன் சமூகத்தின் வறுமையையும் மாற்றத்தையும் பார்க்காமல் இரவல் தலைப்புகளில் உழல்கிறது என்று தொடர்ந்து எழுதினார்.

இந்த விமர்சனத்துக்கு மிக நெருக்கமான சான்று அல்ஜீரியாவில் கிடைக்கிறது. மார்த்தினிக் தீவில் பிறந்த ஃப்ரான்ஸ் ஃபனோன் பிரான்சின் லியோனில் மருத்துவமும் மனநல மருத்துவமும் படித்து, 1953-இல் பிளிடா மருத்துவமனையில் சேர்ந்தார். நோயாளிகள் கூட்டம் போடுவது, பத்திரிகை நடத்துவது, நாடகம் போடுவது என்று பிரான்சில் தான் பழகிய சமூகச் சிகிச்சையை அங்கே கொண்டுவந்தார். ஐரோப்பியப் பெண்களின் வார்டில் அது பலித்தது. முஸ்லிம் ஆண்களின் வார்டில் யாரும் ஒட்டவில்லை. ஃபனோனும் அவருடன் பணிபுரிந்த ஜாக் அசூலேயும் 1954-இல் தங்கள் தோல்வியையே கட்டுரையாக்கினார்கள். ஐரோப்பிய வாழ்க்கையின் வடிவங்களை அப்படியே இறக்கிவைத்ததே தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். பிறகு அந்த வார்டுக்கு ஒரு காப்பிக் கடையும், கதைசொல்லியும், மார்க்கப் பண்டிகைகளும் வந்தன. சிகிச்சையின் நோக்கம் மாறவில்லை. மனிதர்கள் ஒன்றுகூடும் வடிவம்தான் மாறியது.

தமிழ் வாசகருக்கு இன்னும் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக்கு வெளிநாட்டு உளவளத்துணையாளர்கள் பலர் வந்தார்கள். தனிமனிதரின் அதிர்ச்சி அறிகுறிகளைப் பட்டியலிட்டுத் தேடுவது அவர்களில் பலரின் வழக்கமாக இருந்தது. யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2007-இல் எழுதிய ஆய்வில், போரும் பேரலையும் வடக்கில் உண்டாக்கிய பாதிப்பைக் குடும்பம், கிராமம், நம்பிக்கை ஆகிய அளவுகளிலும் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். உறவும் ஊரும் சிதைந்த இடத்தில் ஆளை மட்டும் அளப்பது போதாது என்பது அந்த வாதத்தின் உள்ளீடு.

என்ரிகெஸ் போன்றோர் வளர்த்த சுதேச உளவியலின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. ஒரு நாட்டுக்கு ஓர் உளவியல் என்று தொடங்கினால், அந்த நாட்டுக்குள் யாருடைய மனம் மாதிரியாகிறது? மணிலாவின் மொழியும் வழக்கமும் மின்டனாவோ முஸ்லிமுக்கும் பொருந்துமா? இந்திய உளவியல் என்ற பெயரில் சம்ஸ்கிருத நூல்களின் தத்துவம் மட்டுமே முன்வைக்கப்படும்போது, அதில் சேரியும் மீனவக் குப்பமும் எங்கே? மேற்கை விலக்கிய இடத்தில் உள்ளூர் மேல்தட்டு வந்து உட்காரும் ஆபத்து உண்மையானது.

ஓர் அறை, ஒரு குழந்தை, மூன்று நிமிடம்

2000-களுக்குப் பிறகு விமர்சனம் மேற்கத்திய உளவியலுக்குள்ளிருந்தே எண்களோடு வந்தது. ஜெஃப்ரி ஆர்னெட் 2008-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆறு முக்கிய இதழ்களைப் பரிசீலித்தார். ஆய்வுக்கு உட்பட்டோரில் 96 விழுக்காட்டினர் மேற்கத்திய, தொழில்மயமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். 68 விழுக்காட்டினர் அமெரிக்கர் மட்டுமே. 2010-இல் ஹென்ரிக், ஹைன், நோரன்சயன் ஆகிய மூவர், இந்த மனிதர்கள் பல அம்சங்களில் உலகின் பொது மாதிரியாக இல்லை, விளிம்பில் நிற்பவர்கள் என்று வாதிட்டார்கள்.

இதன் பொருள் வகுப்பறையில் என்ன என்பதை ஒரே ஒரு பாடத்தை எடுத்துப் பார்க்கலாம். வளர்ச்சி உளவியல் படிக்கும் எவரும் தாண்டிச் செல்ல முடியாதது மேரி ஐன்ஸ்வொர்த் வகுத்த ‘அந்நியச் சூழல்’ சோதனை. ஒரு வயதை ஒட்டிய குழந்தையைத் தாயுடன், விளையாட்டுப் பொருள்கள் உள்ள புதிய அறைக்கு அழைத்து வருவார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் வருவாள். தாய் வெளியே போவாள், திரும்புவாள். மறுபடி போகும்போது குழந்தை தனியாக இருக்கும். ஒவ்வொரு கட்டமும் சுமார் மூன்று நிமிடம். தாய் திரும்பியதும் குழந்தை ஓடிவந்து ஒட்டிக்கொண்டு ஆறுதல் அடைகிறதா, பாராமுகமாக இருக்கிறதா, ஆறுதலை ஏற்காமல் சிணுங்கி எதிர்க்கிறதா என்பதைக் கொண்டு பிணைப்பின் வகையைச் சொல்வார்கள்.

ஐன்ஸ்வொர்த் இந்தச் சிந்தனையை முதலில் உகாண்டாவின் வீடுகளில், 1950-களில், தாய்மாரையும் குழந்தைகளையும் கவனித்துத்தான் வளர்த்தார். அறைக்குள் நடத்தும் சோதனை பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரில் உருவானது. அது ஜப்பானுக்குப் போனபோது, சப்போரோவில் தகஹாஷி நடத்திய ஆய்வில் பாராமுகக் குழந்தை ஒன்றுகூட இல்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எதிர்ப்பு வகையில் விழுந்தது. தாயை விட்டுப் பிரிந்தே பழகாத குழந்தைக்கு அந்த மூன்று நிமிடம் தாங்க முடியாத அளவு நீண்டுவிடுகிறது என்பது முன்வைக்கப்பட்ட விளக்கம். வட ஜெர்மனியின் பீலஃபெல்டில் எதிர்மாறாகப் பாராமுக வகை மிகுந்தது.

பாட்டி, சித்தி, அத்தை என்று பல மடிகளில் மாறி மாறி வளரும் தமிழ்க் குழந்தையைப் பற்றி இந்தச் சோதனை என்ன சொல்லும்? மானுடவியலாளர் மார்கரெட் டிராவிக் 1990-இல் ஒரு தமிழ்க் குடும்பத்தின் அன்பைப் பற்றி எழுதிய நூலைப் படித்தவர்களுக்கு, ஒரு தாய், ஒரு குழந்தை, ஓர் அந்நியர் என்ற அமைப்பே குறுகலாகத் தோன்றும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டு மாணவர் இதைத் தன் அனுபவத்திலேயே உணர்ந்திருப்பார். தேர்வில் அது விடையாகக் கணக்கில் வருமா என்பது ஆசிரியரைப் பொறுத்தது.

உடனே முழுச் சோதனையையும் தள்ளிவிடுவதும் அவசரம். வான் ஐசென்டோர்னும் க்ரூனன்பெர்க்கும் 1988-இல் எட்டு நாடுகளின் 32 ஆய்வுகளைத் தொகுத்தபோது, நாடுகளுக்கு இடையே உள்ளதைவிட ஒரே நாட்டுக்குள் இருக்கும் வேறுபாடு சுமார் ஒன்றரை மடங்கு என்று தெரிந்தது. எல்லா நாடுகளிலும் சேர்த்துப் பார்த்தால் பாதுகாப்பான பிணைப்பே மிகுதி. அந்த எட்டில் இந்தியா இல்லை. குழந்தை ஒருவரைப் பற்றி நிற்கும் என்ற கருத்து தொலைதூரம் பயணம் செய்கிறது. அதை அளக்கும் அறை அவ்வளவு தூரம் வருவதில்லை. எது நல்ல பிணைப்பு என்ற தீர்ப்பு அதைவிடவும் குறைந்த தூரமே போகிறது.

படிக்கிறவரைப் பற்றிய ஆய்வுகள்

வெளிநாட்டு மாணவரும் இத்துறைகளின் ஆய்வுப் பொருளாகியிருக்கிறார். நார்வேக்காரரான ஸ்வெரே லிஸ்கார்ட் 1955-இல் அமெரிக்கா போய்வந்த நார்வே மாணவர்கள், அறிஞர்கள் 200 பேரைக் கேட்டு, மனநிலை முதலில் உயர்ந்து, 6 முதல் 18 மாதத்தில் தாழ்ந்து, பிறகு மீளும் என்று ‘யு’ வளைவை வரைந்தார். அவர் ஒரே ஆட்களைத் தொடர்ந்து கவனிக்கவில்லை. வெவ்வேறு காலம் தங்கியவர்களை ஒப்பிட்டார். கொலீன் வார்டும் துணையாசிரியர்களும் 1998-இல் நியூசிலாந்து சென்ற ஜப்பானிய மாணவர்களைப் பின்தொடர்ந்தபோது, மிகக் கடினமான கட்டம் வந்திறங்கிய நாள்கள்தான் என்று கண்டார்கள். வளைவு உண்மையென்றே வைத்தாலும், இங்கிலாந்தின் ஓராண்டு முதுகலைப் படிப்பு அதன் அடிமட்டத்தில் முடிந்துவிடும். அதற்குள் ஆய்வேடும் எழுதியாக வேண்டும்.

மனப்பாடம் பற்றிய விவாதம் இதைவிடப் பயனுள்ளது. ஆசிய மாணவர் ஒப்பிக்கிறவர், சிந்திக்கிறவர் அல்ல என்ற எண்ணத்தை வாட்கின்ஸும் ஜான் பிக்ஸும் 1996-இல் தொகுத்த நூல் உலுக்கியது. சீன மாணவர்கள் திரும்பத் திரும்பப் படிப்பது பல நேரம் புரிந்துகொள்ளும் வழியாகவே இருக்கிறது என்று அது காட்டியது. ஆனால் கன்ஃபூசிய மரபு என்ற ஒரே பெயரில் கோடிக்கணக்கானோரை அடக்கியது அந்த ஆய்வுமரபின் குறை. நம் பிள்ளைகளின் மனப்பாடத்தை அப்படிக் கவனமாக ஆராய்ந்தவர்கள் குறைவு.

சைமன் மார்ஜின்சன் 2014-இல், வெளிநாட்டு மாணவரைக் குறையுள்ளவராக, பொருந்திப்போக வேண்டியவராகப் பார்ப்பதை விட்டு, தன்னைத் தானே உருவாக்கிக்கொள்பவராகப் பார்க்க வேண்டும் என்றார். மரியாதையான பார்வை. ஆயினும் விசா விதியும், கட்டணக் கடனும், வேலை நேர வரம்பும் அந்த உருவாக்கத்தின் எல்லையை முன்பே வரைந்துவிடுகின்றன.

பட்டமும் உரிமமும்

நடைமுறையில் பலரைத் தடுமாற வைப்பது கோட்பாடு அன்று, பதிவேடு. இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய, 1992 சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும். வெளிநாட்டு முதுகலைப் பட்டம் அதைத் தானாகப் பெற்றுத் தராது. அரசுப் பள்ளி ஆசிரியராவதற்கு பி.எட்., தகுதித் தேர்வு என்று தனி வழி; இங்கிலாந்தில் பெற்ற கல்வியியல் முதுகலை அவ்வழியில் சேராது, இங்கிலாந்திலேயே கூட அது மட்டும் ஆசிரியத் தகுதி ஆகாது. அமெரிக்காவில் கல்வித் தொழில்நுட்பமும் கல்விப் புள்ளியியலும் படிப்பு முடித்தபின் கூடுதல் வேலை அனுமதி தரும் அறிவியல் பட்டியலில் உள்ளன, உளவளத்துணை இல்லை. மனிதரோடு நேரில் பேசிச் செய்யும் பணிகளுக்கே எல்லை அதிகம். விண்ணப்பிக்கும் முன் இவற்றைத் தெளிவாகச் சொல்வது பல்கலைக்கழகங்களின் கடமை என்றே கருதுகிறேன்.

இன்னும் விடை கிடைக்காதவை

இத்தனை விடைகளுக்குப் பின்னும் மூன்று கேள்விகள் அப்படியே நிற்கின்றன.

ஒன்று, திரும்பி வந்தவர்கள் பத்து ஆண்டு கழித்து எதைப் பயன்படுத்துகிறார்கள், எதைக் கைவிட்டார்கள் என்பது. தாவோ, என்ரிகெஸ், ஃபனோன் போன்ற பேராளுமைகளின் கதைகளை வைத்துத்தான் விவாதம் நடக்கிறது. பள்ளியிலும் மருத்துவமனையிலும் சத்தமின்றி வேலை பார்க்கும் பெரும்பாலோரின் அனுபவம் அதற்குள் வருவதில்லை.

இரண்டு, களப்பயிற்சியின் மொழி. ஆங்கிலத்தில் துயரத்தைக் கேட்கப் பழகியவர் தமிழில் கேட்கும்போது எதைத் தவறவிடுகிறார் என்பதைச் சோதித்துப் பார்க்க முடியும். அதற்கு வெளிநாட்டுத் துறையும் உள்ளூர் மருத்துவமனையும் கூட்டாகப் பயிற்சி மேற்பார்வை செய்யும் ஏற்பாடு வேண்டும். அப்படிச் செய்தால் அதிக நேர்மையான கணிப்புக் கிடைக்குமா என்பதும் சோதிக்க வேண்டியதே.

மூன்று, வெளிநாட்டு மாணவர் வகுப்புக்குள் கொண்டுவரும் எதிர்ச்சான்றுக்கு என்ன மதிப்பு என்பது. சப்போரோவின் அழுகை ஒரு காலத்தில் கோட்பாட்டை மறுபடி எண்ணிப்பார்க்க வைத்தது. தமிழ்க் குழந்தையைப் பற்றி, தமிழ் வகுப்பறையைப் பற்றி மாணவர் முதுகலை ஆய்வேட்டில் எழுதும் தரவு, மதிப்பெண் பெற்றதும் நூலகத்தில் அடங்கிவிடுகிறதா, துறையின் பாடத்திட்டத்தைத் தொடுகிறதா என்பதைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆய்வேட்டுத் தொகுப்புகளை எடுத்தே கணக்கிடலாம்.